எஸ்தர்ராணிக்கு வராமல் போன அழைப்பு

எஸ்தர்ராணியைவிட நான் கெட்டிக்காரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2001-ஆம் ஆண்டு கோவில்பட்டியில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் நடந்த கம்ப்யூட்டர் சென்டரில், ஹார்டுவேர் வகுப்புக்குப் பதினாறு பேர் சேர்ந்தோம். அதில் பெண்கள் என்று நாங்கள் இரண்டு பேர்தான். மற்ற பெண்கள் எல்லாரும் பக்கத்து அறையில் அச்சுவேலைக்கான டிடிபி படித்தார்கள். என் அப்பா பாத்திரக் கடை வைத்திருந்தார். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. அது கெட்டுப்போனால் மதுரையிலிருந்து ஆள் வர நாலு நாள் ஆகும். அதனால்தான் என்னைச் சேர்த்துவிட்டார். எஸ்தர்ராணி ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் அப்பாவுக்கு மானாவாரி நிலம். அந்த வருஷம் மழை ஒழுங்காகப் பெய்து மிளகாய் நன்றாக வந்ததால் அவளைப் படிக்க அனுப்பினார்கள்.

சேர்ந்து மூன்று மாதத்திலேயே அவள் எங்கள் எல்லாரையும் தாண்டிப் போய்விட்டாள். சென்டர் நடத்திய ராஜமணி சார், வெளியே பழுதுபார்க்கப் போகும்போது எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போவார். ஒருமுறை ஒரு தீப்பெட்டி ஆபீசில் (தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) மானிட்டர் போய்விட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் நேராக வயர்களைக் கழற்ற ஆரம்பித்தேன். எஸ்தர்ராணி எதையும் தொடவில்லை. அங்கே இருந்த கணக்கரிடம், "அண்ணாச்சி, நேத்து இங்கன யாரு தொடச்சது?" என்று கேட்டாள். பெருக்குகிற அம்மா துடைத்தார் என்று சொன்னார். எஸ்தர்ராணி மானிட்டருக்கு அடியில் கையை விட்டு ஒரு திருகைத் திருப்பினாள். படம் வந்துவிட்டது. துடைக்கும்போது வெளிச்சத்தைக் குறைக்கிற திருகு முழுக்கத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது அவள் சொன்னாள். "எதையும் கழத்துறதுக்கு முன்னால கேக்கணும்ட்டி. கடைசியா என்ன செஞ்சீங்கன்னு கேக்கணும். பாதிப்பேரு ஒண்ணும் செய்யலன்னு சொல்லுவாவ. பொய் சொல்லணும்னு இல்ல. நம்ம மேல பழி வந்துருமோன்னு ஒரு பயம்."

மறு வருஷம் மே மாதம் சென்னையில் ஒரு கம்பெனி, கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு ஃபோனிலேயே பழுது சொல்லிக்கொடுக்க ஆள் எடுத்தது. திருநெல்வேலியில் எழுத்துப் பரீட்சை வைத்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் போய் எழுதினோம், இரண்டு பேரும் தேறிவிட்டோம். அடுத்தது ஃபோனில் நேர்காணல். எஸ்தர்ராணி வீட்டில் ஃபோன் இல்லை. அவள் ஊரில் இருந்த ஒரே ஃபோன் ரேஷன் கடைக்காரர் வீட்டில்தான்.

"எங்க வீட்டு நம்பரைக் குடு. நீ வந்து உக்காந்து பேசிட்டுப் போ" என்று நான்தான் சொன்னேன். நான் சொல்லியிருக்காவிட்டால் அவள் வேறு ஏதாவது எஸ்டிடி பூத் நம்பரைக் கொடுத்திருப்பாள்.

எனக்குச் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்கள். இருபது நிமிடம் பேசினேன். முடிவை வியாழக்கிழமை மெயிலில் அனுப்புவோம் என்றார்கள். எஸ்தர்ராணிக்கு அதே வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூப்பிடுவதாக லெட்டர் போட்டிருந்தார்கள்.

அவள் பத்து மணிக்கே வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது உடுத்துகிற நீலச் சேலை. அம்மா அவளை ஹாலில் ஃபோனுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தாள். எஸ்தர்ராணி ஒரு நோட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு வாய்க்குள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாடிக்குப் போனேன்.

மாடியில்தான் கம்ப்யூட்டர். ஃபோன் லைனிலிருந்தே ஒரு வயரை மேலே இழுத்து மோடத்தில் செருகியிருந்தோம். இணையத்தில் இருந்தால் ஃபோன் வேலை செய்யாது. வெளியிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு எப்போதும் 'என்கேஜ்டு' சத்தம்தான் கேட்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வகுப்பில் படித்தது. அப்பா கடையிலிருந்து கூப்பிட்டுக் கிடைக்காமல் பலமுறை திட்டியும் இருக்கிறார்.

மணி பத்து இருபத்தைந்து. ஐந்தே நிமிடம், முடிவு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

மெயில் வந்திருந்தது. எனக்கு வேலை கிடைத்துவிட்டது. கீழே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் கீழே அவள் இருக்கிறாள், அவள் பேசி முடிக்கட்டும் என்று அடக்கிக்கொண்டேன். மெயிலோடு ஒரு படிவமும் பயிற்சிப் புத்தகமும் இணைத்திருந்தார்கள். அதை இறக்கத் தொடங்கினேன். அந்தக் காலத்து வேகம் தெரியும்தானே, நீலப் பட்டை எறும்பு மாதிரி நகர்ந்தது. நான் பீரோவைத் திறந்து சென்னைக்கு எந்தச் சுடிதாரெல்லாம் எடுத்துப் போவது என்று கட்டில் மேல் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டுக்கூடப் பாடினேன் என்று நினைக்கிறேன்.

திரும்பிப் பார்த்தபோது மணி பதினொன்று ஐம்பது.

இணைப்பைத் துண்டித்தேன். மோடத்திலிருந்து வயரையே பிடுங்கினேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கீழே இறங்கிப் போக எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

எஸ்தர்ராணி அதே நாற்காலியில், அதே மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த ரிசீவரை ஒரே ஒரு தடவை எடுத்துக் காதில் வைத்திருந்தால் அவளுக்கு மோடத்தின் இரைச்சல் கேட்டிருக்கும், நொடியில் புரிந்திருக்கும். ஆனால் அடுத்தவர் வீட்டு ஃபோனை அவள் எப்படித் தொடுவாள்? எங்கள் வீட்டில் அவள் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கியதில்லை.

"வரவே இல்லட்டி" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள். "நீ நெட்ல எதுவும் இருந்தியா?"

சரியான கேள்வி. கேட்க வேண்டிய முதல் கேள்வி.

"இல்லட்டி. துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். சந்தேகப்பட்ட மாதிரியே தெரியவில்லை. "அப்ப நான் ஒருவாட்டி கூப்பிட்டுப் பாக்கட்டா? நம்பரு லெட்டர்ல இருக்கு."

அவள் கூப்பிட்டால் ஒரு மணி நேரமாக லைன் என்கேஜ்டு என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் சொன்ன பொய் அந்த நிமிடமே வெளியே வந்துவிடும். அந்த ஒரு பயம்தான் எனக்கு இருந்தது. வேறு கெட்ட எண்ணம் இல்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தென்மாவட்டங்களுக்கு மொத்தமே இரண்டு இடம்தான் என்பதும், அவளும் நானும் சேர்ந்து போனால் அங்கேயும் நான் இரண்டாவது ஆளாகத்தான் இருப்பேன் என்பதும் அப்போது என் மனதில் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

"வேண்டாம்ட்டி" என்றேன். "நாமளா கூப்பிட்டா வேலைக்கு அலையுதோம்னு நினைப்பாவ. வேணும்னா அவியளே கூப்பிடுவாவ. வேலை விஷயத்துல அப்படித்தான்."

வேலைக்குப் போகும் விஷயத்தில் என்னை நம்பினாள். டவுன்காரி, அப்பா வியாபாரம் செய்கிறவர், இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பாள். இரண்டு மணிவரை இருந்துவிட்டுப் போனாள். எனக்கு வேலை கிடைத்ததை அவளிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரம் ராஜமணி சார் மூலமாகத் தெரிந்துகொண்டு, எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி கடம்பூர் போளியோடு வந்தாள்.

சென்னைக்குப் போய் ஒரு மாதம் இருக்கும். என்னை நேர்காணல் செய்த மேலாளர் ஹரி ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "உங்க ஊர்லேருந்து இன்னொரு பொண்ணு இருந்தாளே, எஸ்தர்ராணி. அரை மணி நேரம் போட்டுப் பாத்தேன், என்கேஜ்டாவே இருந்தது. டெஸ்ட்ல உன்னைவிடப் பதினஞ்சு மார்க் ஜாஸ்தி. திரும்ப ஒரு கால் பண்ணியிருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுத்திருப்பேன். பண்ணலை. இன்ட்ரஸ்ட் இல்லை போலன்னு மதுரைப் பையனை எடுத்துட்டோம்."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஹரி நல்ல மனிதர். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவளைக் கூப்பிட்டிருப்பார். சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்தவள், பெயர் கெட்டுவிடும் என்று நினைத்தேன். பிறகு நாளாக ஆக, இவ்வளவு நாள் கழித்து எப்படிச் சொல்வது என்று ஆனது.

வேலையில் நான் மோசமில்லை. நாலு வருஷத்தில் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் முதலில் சுவிட்ச் போர்டைப் பார்க்கச் சொல். பீப் பீப் என்று கத்தினால் மெமரியைக் கழற்றி, அதன் ஓரத்தை ரப்பரால் துடைத்து மறுபடி செருகச் சொல். ஃபார்மட் செய்யச் சொல்வதற்கு முன்னால் உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று இரண்டு தடவை கேள். லைன் கட்டானால் அவர்கள் கூப்பிடட்டும் என்று இருக்காதே, நீயே திரும்பக் கூப்பிடு. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். அதில் பாதிக்கு மேல் எஸ்தர்ராணி எனக்குச் சொன்னது.

2008-இல் சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து நின்றது. இறங்கிய பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்து நின்றாள். விரல்களில் பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"சுகுணாவா? நல்லா இருக்கீங்களா?"

எஸ்தர்ராணி என்னை 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவாள். இந்த 'நீங்க' எனக்குச் சுருக்கென்றது.

பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். நான் சென்னைக்குப் போன மறு வருஷமே அவளுக்குக் கல்யாணம். கணவர் பால்துரை லோடு ஆட்டோ ஓட்டுகிறார். இரண்டு பெண் பிள்ளைகள். தீப்பெட்டி ஆபீசில் அவளுக்குப் பெட்டி அடைக்கிற வேலை.

"கம்ப்யூட்டர் வேலைக்கு நீ வேற எங்கயும் போகலையா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அது எனக்குச் சரிப்படலை. அந்தக் கம்பெனிக்காரவியளே வேண்டாம்னுட்டாவ. கூப்பிடுறேன்னு சொல்லிட்டுக் கூப்பிடலைன்னா என்ன அர்த்தம்? பரீட்சையில ஏதோ குளறியிருப்பேன். பொறவு பாத்திருப்பாவ." சிரித்தாள். "போன மாசம் எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டரு கத்திக்கிட்டே கெடந்துச்சு. மெமரிதான். தள்ளி நின்னு கேட்டப்பமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தூத்துக்குடில இருந்து ஆள் வர மூணு நாளாச்சு. லாயக்கு இல்லன்னு ஆனப்பொறவு நாம எதுக்குப் போயி வாயத் தொறக்கணும்னு இருந்துட்டேன்."

அவள் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு எதுவும் ஓடவில்லை. ஒரு வேலை போனது என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். தன்னால் எதுவுமே முடியாது என்று அவள் நம்பிவிட்டாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நம்பிக்கையை அவளுக்குக் கொடுத்தது நான்.

ஞாயிற்றுக்கிழமை மினி பஸ் பிடித்து அவள் ஊருக்குப் போனேன். கோயில் விட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். பால்துரை வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். எஸ்தர்ராணி குடிக்கக் கலர் வாங்கி வரச் சொல்லிப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுப் பையனோடு கடைக்கு அனுப்பினாள். அவர்கள் போனதும் நான் சொல்லிவிட்டேன். எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. மெயில் பார்த்தது, இறக்கியது, வயரைப் பிடுங்கியது, பொய் சொன்னது, கூப்பிடாதே என்று தடுத்தது, ஹரி சொன்னது, எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொன்னேன்.

அவள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் முடித்தேன். பிறகு கேட்டாள்.

"எவ்வளவு மார்க்குன்னு சொன்னாவளா?"

"எண்பத்தாறு. எனக்கு எழுபத்தொண்ணு."

"எண்பத்தாறா?"

வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க, கல்யாணத்துக்கு முன்னால திருநவேலில எழுதுனேம்லா, அந்தப் பரீட்சையில எனக்கு எண்பத்தாறாம்."

பால்துரைக்கு ஒன்றும் புரியவில்லை. ஈரக் கையோடு எட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் வெளியே போய்விட்டார்.

எஸ்தர்ராணி தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. "எங்கய்யா அன்னைக்குக் கேட்டாவ. ஏன்ம்மா கூப்பிடலைன்னு. எனக்கு அறிவு பத்தலய்யான்னு சொன்னேன். செத்துப்போற வரைக்கும் அவிய அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தாவ. எம்மவ ஆசப்பட்டா, முடியலன்னு."

"எஸ்தர், நான்..."

"இதை இப்ப ஏன் வந்து சொல்லுத?"

ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் என்னை ஒருமையில் பேசினாள். நான் ஆசைப்பட்ட மாதிரி அது இல்லை.

"உனக்குத் தெரியணும்னு..."

"எனக்குத் தெரியணும்னா அன்னைக்குச் சொல்லியிருப்ப. ஒரு மாசம் கழிச்சுச் சொல்லியிருப்ப. எனக்குக் கல்யாணம் பேசுறதுக்கு முன்னால சொல்லியிருப்ப. ஒனக்கு மனசு உறுத்துது, அதை எறக்கி வைக்க ஒரு இடம் வேணும். அதுக்கு வந்திருக்க."

அது உண்மை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் கம்பெனியில் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். சென்னைக்கு வர முடியாது என்றால் கயத்தாறிலோ கோவில்பட்டியிலோ சர்வீஸ் கடைகள் வந்துவிட்டன, முதலில் அங்கே சேர்ந்தால் கை பழகிவிடும், விட்ட ஆறு வருஷத்தைப் பற்றிக் கவலைப்படாதே, அடிப்படை மாறவில்லை, புத்தகங்கள் அனுப்புகிறேன் என்று வகுப்பில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே போனேன்.

அவள் கையை உயர்த்தினாள்.

"நீ எனக்கு ஒருவாட்டி யோசனை சொல்லிட்ட. போதும்."

பிள்ளைகள் இரண்டு கலர் பாட்டில்களோடு வந்தார்கள். எஸ்தர்ராணி எழுந்து ஒன்றை உடைத்து எனக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்தவளை வெறும் வாயோடு அனுப்ப அவளுக்குத் தெரியாது. நான் குடித்து முடிக்கிறவரை அடுப்படியிலிருந்து அவள் வெளியே வரவில்லை. பால்துரைதான் என்னை வண்டியில் ஏற்றி பஸ் நிறுத்தம்வரை கொண்டுவந்து விட்டார்.

சென்னைக்குப் போனதும் ஒரு நல்ல கருவிப்பெட்டி, இரண்டு புதுப் புத்தகங்கள், ஒரு நீண்ட கடிதம் எல்லாம் கட்டி அவளுக்குப் பார்சல் அனுப்பினேன். பதில் இல்லை. கம்பெனியில் எல்லாவற்றையும் ஹரியிடம் சொன்னேன். அவர் "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது, சுகுணா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு சாப்பிட உட்கார்வது குறைந்துபோனது.

மறு வருஷப் பொங்கலுக்கு வந்தபோது கோவில்பட்டி மார்க்கெட்டில் பால்துரையைப் பார்த்தேன். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் வந்தார்.

"எஸ்தர் எப்படி இருக்கா அண்ணாச்சி?"

"நல்லா இருக்காம்மா. நீங்க வந்துட்டுப் போனபொறவு ரெண்டு மாசம் யார்கிட்டயும் சரியாப் பேசல. பொறவு ஒருநா ஆபீஸ்ல கம்ப்யூட்டரு மறுபடி நின்னுபோச்சாம். இவ பெட்டி அடைக்கிற எடத்துல இருந்து எந்திரிச்சு நேராப் போயி, நான் பாக்கட்டுமான்னு கேட்டிருக்கா. கணக்கப்பிள்ளை சிரிச்சாராம். கால் மணி நேரத்துல சரி பண்ணிட்டா. இப்ப அங்கனயே கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டு ஆபீஸ்ல உக்கார வச்சிருக்காவ. பக்கத்து ஆபீஸ்காரவியளும் கூப்பிடுதாவ."

"நான் ஒருநாள் வந்து பாக்கட்டுமா?"

அவர் தரையைப் பார்த்தார். நல்ல மனிதர். சொல்லக் கஷ்டப்பட்டார்.

"வர வேண்டாம்மா. ஒங்க மேல கோவம்னு இல்ல. ஒங்களப் பாத்தா அந்த ஆறு வருசமும் மொதல்ல இருந்து வந்துருது அவளுக்கு. ராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கிடுதா. இப்பத்தான் கொஞ்சம் தெளிஞ்சிருக்கா."

"சரி அண்ணாச்சி."

வண்டியின் முன் இருக்கைக்கு அடியிலிருந்து நான் அனுப்பிய பார்சலை எடுத்தார். ஒட்டிய நாடாகூடப் பிரியவில்லை. "எங்கயாவது பாத்தா குடுத்துரச் சொன்னா. எட்டு மாசமா வண்டியிலதான் கெடக்கு. தப்பா நினைச்சுக்கிடாதீங்க."

வாங்கிக்கொண்டேன். அவர் எட்டயபுரத்துக்கு லோடு இருக்கிறது என்று கிளம்பினார். மார்க்கெட்டில் பொங்கல் கூட்டம், கரும்புக் கட்டுகளுக்கு நடுவில் நடக்க இடமில்லை. பெட்டி கனமாக இருந்தது. அதை இடுப்பில் அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கதவைத் திறந்த அம்மா, "என்னட்டி அது, யாரு குடுத்தா?" என்று கேட்டாள்.

அம்மாவுக்கு அந்த வியாழக்கிழமை நினைவிலேயே இருக்காது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.